ராஜாஜி மண்டபம் கட்டிய சீமைக் குடும்பம்

மரைன் ஹில்லில் உள்ள தமிழர் வீடுகளில் சென்னைக்குப் போய்வராத வீடு இல்லை. மூன்று நாள் கப்பலில் கிடந்து, மூட்டை முடிச்சுகளோடு துறைமுகத்தில் இறங்கி, ஊருக்குப் போகும் பஸ்ஸையோ ரெயிலையோ பிடிப்பதற்கு முன்னால் கையில் அரை நாள் மிச்சம் இருந்தால், அண்ணா சாலையை ஒரு நடை பார்த்துவிட்டு வருவது வழக்கம். அப்படிப் போகிறவர்கள் கண்ணில் ராஜாஜி மண்டபம் படாமல் போகாது.

உயரமான தூண்கள். அகலமான படிக்கட்டு. 1969-ல் அண்ணாவின் உடல் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. 1972-ல் ராஜாஜி, 1975-ல் காமராஜர், 1987-ல் எம்.ஜி.ஆர்., 2016-ல் ஜெயலலிதா, 2018-ல் கருணாநிதி என்று தமிழ்நாட்டுத் தலைவர்கள் பலரும் மக்களிடம் கடைசியாக விடைபெற்றது அந்தப் படிக்கட்டில்தான்.

தமிழர்கள் அழுத அந்தப் படிக்கட்டைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டால் பலர் "வெள்ளைக்காரன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெள்ளைக்காரன்தான். ஆனால் எந்த வெள்ளைக்காரன், அவன் வீடு எங்கே, அவன் மாமனார் வீடு எங்கே என்று தேடிக்கொண்டு போனால் கதை வேல்ஸ் நாட்டு மலைச்சரிவில் உள்ள ஒரு சிவப்புக் கோட்டையில் போய் நிற்கிறது. அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கும், காளையார்கோவிலுக்கும், பினாங்குக்கும் போய், கடைசியில் இந்தத் தீவுகளின் கரையையும் தொடுகிறது.

அப்பா பெயரே இனிஷியல்

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய நாடு வேல்ஸ். மலையும் ஆடும் மழையும் மிகுந்த பூமி. நிலக்கரியும் கூரைக்குப் போடும் பலகைக்கல்லும் அங்கே வெட்டி எடுத்தார்கள். நம்மவர்கள் "இங்கிலீஷ்காரர்" என்ற ஒரே சொல்லில் அவர்களையும் சேர்த்துவிடுகிறோம். அதைக் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். அவர்களுக்கென்று தனி மொழி உண்டு. இங்கிலீஷ் மட்டும் படித்தவனுக்கு அதில் ஒரு வரி புரியாது.

பழைய வேல்ஸ்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது நமக்குச் சுவையான செய்தி. தன் பெயர், பிறகு "ஆப்" என்ற சொல், பிறகு அப்பா பெயர். "ஆப்" என்றால் மகன். தாமஸ் மகன் வில்லியம் என்றால் "வில்லியம் ஆப் தாமஸ்". நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம், அவர்கள் முழுப் பெயரையும் பின்னால் போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆபீஸ் பாரத்தில் "சர்நேம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இங்கே ஒவ்வொரு தமிழ்க் குமாஸ்தாவும் விழிப்பதுபோல, இங்கிலீஷ் அரசாங்கத்தின் பதிவேட்டுக்கு முன்னால் வேல்ஸ்காரர்களும் ஒரு காலத்தில் விழித்திருக்க வேண்டும்.

15-ம் நூற்றாண்டில் ராக்லன் என்ற ஊரில் இருந்த ஒரு வில்லியம் ஆப் தாமஸின் மகன் இந்த வழக்கத்தை விட்டுவிட்டு "ஹெர்பர்ட்" என்று நிலையான குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டார். ராஜாவின் தயவில் பெம்புரோக் பிரபுவாகவும் ஆனார். அந்த ஹெர்பர்ட் வம்சத்தில் வந்த சர் எட்வர்டு ஹெர்பர்ட் என்பவர் 1587-ல் ஒரு கோட்டையை விலைக்கு வாங்கினார். அதுதான் போவிஸ் கோட்டை.

சிவப்புக் கோட்டை

வெல்ஷ்பூல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாறை முகட்டில் அந்தக் கோட்டை நிற்கிறது. செந்நிறக் கல்லால் கட்டியதால் உள்ளூர்க்காரர்கள் அதைச் சிவப்புக் கோட்டை என்றே தங்கள் மொழியில் சொல்லி வந்தார்கள். முதலில் கட்டியவர்கள் 13-ம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆண்ட வேல்ஸ் சிற்றரசர்கள். நம் பாளையக்காரர்களைப் போன்றவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து ராஜாவோடு ஒரு நாள் சண்டை, ஒரு நாள் சமாதானம்.

ஹெர்பர்ட் குடும்பம் கோட்டையை மாளிகையாக மாற்றியது. நீண்ட கூடம், செதுக்கிய மரவேலை, கீழே மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டம் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஏதாவது சேர்த்தது. இவர்கள் கத்தோலிக்கர்கள். 1688-ல் கத்தோலிக்க ராஜாவான இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியபோது அவர் பக்கம் நின்ற அன்றைய போவிஸ் பிரபுவும் கூடவே ஓட நேர்ந்தது. பிறகு சொத்து திரும்பக் கிடைத்தது. ஆண் வாரிசு அறுந்தபோது பங்காளி வழியாக மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

சொத்து பெரிதாக இருந்தும் பணம் தங்கவில்லை. 18-ம் நூற்றாண்டின் நடுவில் குடும்பத்துக்குக் கடன் கழுத்துவரை வந்துவிட்டது. 1771-ல் ஓக்லி பார்க் என்ற தங்கள் மாளிகை ஒன்றை விற்றார்கள். வாங்கியவர் பெயர் ராபர்ட் கிளைவ்.

சென்னை வந்த குமாஸ்தா

கிளைவ் வேல்ஸ்காரர் அல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள ஷ்ராப்ஷயர் ஜில்லாவில், ஸ்டைச் என்ற வீட்டில் 1725-ல் பிறந்தவர். பழைய குடும்பம், சின்ன வருமானம். 1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் "ரைட்டர்" வேலைக்குச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ரைட்டர் என்றால் குமாஸ்தாதான். கணக்கு எழுதுவது, சரக்குக்கு ரசீது போடுவது, பெரிய துரைக்குக் கடிதம் நகலெடுப்பது. வருஷச் சம்பளம் 5 பவுன்.

வரும் வழியில் கப்பல் பிரேசில் கரையில் தட்டிப்போய் மாதக் கணக்கில் அங்கே கிடந்தார். சென்னைக்கு வந்த பிறகும் வேலை பிடிக்கவில்லை, ஊர் பிடிக்கவில்லை, பேசுவதற்கு ஆள் இல்லை. அந்தமானில் முதல் வருஷம் கழித்தவர்களுக்கு இந்த நிலை புரியும்.

பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை வந்தபோது பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். 1753 பிப்ரவரியில் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரீஸ் சர்ச்சில் மார்கரெட் மாஸ்கலின் என்ற பெண்ணுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. 1680-ல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தச் சர்ச் இன்னும் இருக்கிறது. கோட்டைக்குள் "கிளைவ் வீடு" என்று பெயர் பெற்ற கட்டடமும் இருக்கிறது. ஆர்மீனிய வியாபாரி ஒருவருக்குச் சொந்தமாக இருந்த வீடு அது.

1757-ல் பிளாசிப் போர். வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா தோற்றார். புது நவாப் மீர் ஜாபர் கிளைவுக்குக் கொடுத்த தொகை 2,34,000 பவுன். பழைய 5 பவுன் சம்பளத்தில் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்திருந்தால் இந்தத் தொகைக்கு 46,800 ஆண்டுகள் ஆகியிருக்கும்! இது போக வருஷத்துக்கு 27,000 பவுன் அளவுக்கு வருமானம் தரும் ஜாகீர் ஒன்றும் கிடைத்தது.

அந்தப் பணம் வீடுகளாக மாறியது. 1763-ல் வால்காட் மாளிகை, 1769-ல் லண்டனுக்கு அருகே கிளேர்மாண்ட், பிறகு ஹெர்பர்ட் குடும்பம் விற்ற ஓக்லி பார்க். நிலம் இருந்தால் ஓட்டு, ஓட்டு இருந்தால் பார்லிமெண்ட், பார்லிமெண்ட் இருந்தால் பட்டம். அந்தக் காலத்துக் கணக்கு அது. பழைய பிரபுக்கள் இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவர்களை "நபாப்" என்று கேலி செய்தார்கள். கேலி செய்துகொண்டே தங்கள் நிலத்தை அவர்களுக்கு விற்றார்கள்.

கிளைவ் 1774 நவம்பரில் தம் 49-வது வயதில் லண்டன் வீட்டில் இறந்தார். தற்கொலை என்றே பலரும் நம்பினார்கள். சொந்த ஊர்ப் பக்கத்தில் மார்ட்டன் சே சர்ச்சில் பெயர் பொறிக்காமல் புதைத்தார்கள்.

கடனும் பணமும் கைகோத்த கல்யாணம்

ராபர்ட்டின் மூத்த மகன் எட்வர்டு கிளைவ். பணம் இருந்தது, பழைய வம்சப் பெயர் இல்லை. போவிஸ் கோட்டைக்காரர்களிடம் வம்சப் பெயர் இருந்தது, பணம் இல்லை. 1784-ல் எட்வர்டுக்கும் போவிஸ் பிரபுவின் மகள் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டுக்கும் கல்யாணம் நடந்தது. நம் ஊரில் ஜாதகம் பார்ப்பதுபோல அங்கே பத்திரம் பார்த்திருப்பார்கள்.

1798 ஆகஸ்டில் எட்வர்டு கிளைவ் சென்னை கவர்னராக வந்து இறங்கினார். மனைவி ஹென்ரியட்டாவும், ஹென்ரியட்டா, சார்லட் என்ற இரண்டு பெண் குழந்தைகளும் கூட வந்தார்கள். பையன்கள் இருவரும் படிப்புக்காகச் சீமையிலேயே இருந்தார்கள்.

எட்வர்டு அதிகம் பேசாதவர், கொஞ்சம் மந்தமானவர் என்று பெயர். தோட்ட வேலையில்தான் அவருக்கு உயிர். எண்பது வயதில்கூட அதிகாலையில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மண்வெட்டியோடு நின்றாராம். அப்படிப்பட்ட மனிதர் கவர்னர் நாற்காலியில் இருந்த ஐந்து ஆண்டுகளில்தான் தென்னாட்டின் தலையெழுத்தே மாறியது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பின்னாலிருந்து ஆட்டிவைத்தார், கையெழுத்து எட்வர்டுடையது.

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே மாண்டார். திப்புவின் கஜானாவையும் அரண்மனையையும் பட்டாளம் சூறையாடியது. மிச்சத்தை அதிகாரிகள் முறைப்படி பங்கு போட்டார்கள். திப்புவின் சிம்மாசனத்தில் பதித்திருந்த தங்கப் புலித்தலைகளில் ஒன்று ஹென்ரியட்டாவின் கைக்கு வந்தது. பூச்சாடிகளும் பூக்களும் வண்ணமாக அச்சிட்ட நூல் துணியால் ஆன திப்புவின் கூடாரம் ஒன்றும் கிடைத்தது.

யானை மேல் ஒரு சீமாட்டி

1800 மார்ச்சில் ஹென்ரியட்டா கணவரைச் சென்னையில் விட்டுவிட்டு இரண்டு பெண்களையும், அன்னா டொனெல்லி என்ற இத்தாலிய ஓவியரையும் அழைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார். யானைகள், ஒட்டகங்கள், வண்டி மாடுகள், பல்லக்குத் தூக்கிகள், சமையல்காரர்கள், சிப்பாய்கள் என்று நூற்றுக்கணக்கான பேர் கொண்ட ஊர்வலம். ஆற்காடு, வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி, புதுச்சேரி என்று ஏழு மாதம் சுற்றி அக்டோபரில் சென்னை திரும்பினார்கள்.

சும்மா சுற்றவில்லை. ஹென்ரியட்டா கல், கிளிஞ்சல், செடி, விதை எல்லாவற்றையும் சேகரித்தார். பாரசீகம் படித்தார். கடிதங்களும் குறிப்புகளும் எழுதினார். பன்னிரண்டு வயதுச் சிறுமி சார்லட் நாட்குறிப்பே எழுதினாள். அவள்தான் பின்னாளில் நார்தம்பர்லாந்து சீமாட்டியாகி, விக்டோரியா ராணி சிறுமியாக இருந்தபோது அவருக்குப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டவள். ராணியாகப் போகிறவளுக்குத் தஞ்சாவூரையும் திருச்சியையும் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாளா?

இந்தப் பல்லக்குகளைச் சுமந்தவர்கள், வழியில் அரிசி கொடுத்தவர்கள், யானைக்குத் தழை வெட்டியவர்கள் எல்லோரும் நம் பாட்டன் பூட்டன்மார்தான். அவர்களில் ஒருவர் பெயரைத் தேடினால் சிரமம். சீமாட்டி எந்தக் கல்லைப் பொறுக்கினார் என்பதைத் தேடினால் கிடைக்கும்.

மண்டபம் எழுந்தது

சென்னையில் கவர்னர் வீடு அப்போதே திருவல்லிக்கேணிப் பக்கம் கூவம் ஆற்றை ஒட்டி இருந்தது. அந்தோனியா டி மதேரோஸ் என்ற போர்த்துகீசியப் பெண்மணியிடமிருந்து 1753-ல் கம்பெனி வாங்கிய தோட்ட வீடு. எட்வர்டு கிளைவ் அதைப் பெரிதாக்கிக் கட்டினார். பக்கத்தில் விருந்துகளுக்கும் தர்பாருக்கும் தனியாக ஒரு மண்டபம் எழுப்பினார். கட்டிக் கொடுத்தவர் ஜான் கோல்டிங்ஹாம். கம்பெனியின் வான சாஸ்திரி, எஞ்சினீயர் வேலையும் பார்த்தவர். கிரேக்கர் கோயிலைப்போல் தூண் வரிசை வைத்து, ஒரு பக்க முகப்பில் பிளாசி வெற்றிக்கும் மறுபக்க முகப்பில் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கும் சின்னங்கள் வைத்தார்.

அப்பா ஜெயித்தது ஒரு பக்கம். மகன் காலத்தில் ஜெயித்தது மறுபக்கம். ஊருக்குப் பொதுவான கட்டடமா, குடும்ப ஞாபகச் சின்னமா என்று சந்தேகம் வருகிறது. 1802 அக்டோபரில் நடன விருந்தோடு திறந்தார்கள். செலவுக் கணக்கைப் பார்த்த லண்டன் டைரக்டர்களுக்குக் கோபம் வந்தது.

1948-ல் அந்த விருந்து மண்டபத்துக்கு ராஜாஜி பெயர் சூட்டப்பட்டது. கவர்னர் வீடு மட்டும் நிற்கவில்லை. 2010-ல் திறக்கப்பட்ட புதிய சட்டமன்ற வளாகத்துக்காக அது இடிக்கப்பட்டது. அந்த வளாகமே பிறகு அரசு பல்நோக்கு ஆஸ்பத்திரியாகிவிட்டது. மண்டபம் மட்டும் தப்பியது.

கட்டியபோது நடந்தவை

மண்டபத்துக்குத் திட்டம் போட்ட காலத்திலும் கல் அடுக்கிய காலத்திலும் தெற்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அது விழுந்ததும் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். 1801 ஜூன் 16-ல் சின்ன மருது திருச்சியில் அறிக்கை ஒட்டினார். அக்டோபர் 24-ல் பெரிய மருதுவும் சின்ன மருதுவும் திருப்பத்தூரில் தூக்கில் தொங்கினார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று தெற்கத்தி மக்கள் சொல்வார்கள்.

1801 டிசம்பர் 1-ல் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களில் கோட்டை கூடாது, ஆயுதம் கூடாது, இருப்பதை ஒப்படைக்க வேண்டும் என்றது அது. அதே ஆண்டு ஜூலையில் ஆற்காட்டு நவாபின் ராஜ்யமும் உடன்படிக்கை என்ற பெயரில் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது.

அந்த 1801-ம் ஆண்டிலேயே ஜனவரியில் வேல்ஸில் ஹென்ரியட்டாவின் அண்ணன் கல்யாணம் ஆகாமலே இறந்தார். போவிஸ் கோட்டையும் நிலங்களும் தங்கை மகனுக்கு வந்தன. ஒரே ஒரு நிபந்தனை. பையன் கிளைவ் என்ற பெயரை விட்டுவிட்டு ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 1807-ல் மாற்றிக்கொண்டான். சென்னையிலிருந்து திரும்பிய எட்வர்டுக்கு 1804-ல் போவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது. சிவகங்கையில் ஒரு குடும்பம் வேரோடு பிடுங்கப்பட்ட ஆண்டில் வேல்ஸில் ஒரு குடும்பத்துக்குக் கோட்டையே வாரிசாக வந்தது.

பினாங்கு போன 73 பேர்

தூக்கில் போடாமல் விட்டவர்களில் 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். "அட்மிரல் நெல்சன்" என்பது கப்பலின் பெயர். போன இடம் பினாங்கு. அன்று கம்பெனி அதற்கு வைத்திருந்த பெயர் "வேல்ஸ் இளவரசர் தீவு". வேல்ஸ் கோட்டைக்கு மருமகனான கவர்னரின் ஆட்சி, வேல்ஸ் பெயர் கொண்ட தீவுக்கு நாடு கடத்தியது. வேண்டுமென்று செய்ததல்ல, பெயர்ப் பொருத்தம்தான். ஆனாலும் நெருடுகிறது.

சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் இருந்தான். பதினைந்து வயது மதிக்கத்தக்க பையன்.

கைதிகளுக்கு ஏன் பினாங்கு? இங்கேதான் அந்தமான் வருகிறது. 1789-ல் ஆர்ச்சிபால்டு பிளேர் இந்தத் துறைமுகத்தில், இன்று மர அறுவை மில் இருக்கும் சாத்தம் தீவில், முதல் குடியேற்றம் அமைத்தார். பிளேர் பெயரைக் கொண்டிருந்த இந்த நகரம் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகியிருக்கிறது. 1792-ல் அந்தக் குடியேற்றத்தை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். காய்ச்சலிலும் நோயிலும் ஆட்கள் செத்து விழவே 1796-ல் கைவிட்டார்கள். அங்கிருந்த கைதிகளை அனுப்பி வைத்த இடம்தான் பினாங்கு. அந்தமான் அப்போது மூடப்படாமல் இருந்திருந்தால் மருதுவின் மகன் இங்கே வந்திருக்கவும் கூடும். மறுபடி இங்கே கைதிகள் வந்தது 1858 மார்ச் 10-ல், டாக்டர் வாக்கர் 200 பேரைக் கொண்டுவந்தபோது.

காகிதம் இருக்கிறவன் வம்சம்

போவிஸ் குடும்பத்தின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர் மாற்றிய மகன் இரண்டாவது பிரபுவானார். 1839-ல் ஓட்டுரிமை கேட்டு வேல்ஸ் நெசவுத் தொழிலாளர்கள் கலகம் செய்தபோது அடக்கியவர்களில் அவரும் ஒருவர். 1848-ல் பறவை வேட்டைக்குப் போன இடத்தில் சொந்த மகனின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகப் பட்டு இறந்தார். நாலாவது பிரபுவின் மூத்த மகன் 1916-ல் பிரான்சுப் போர்முனையில் பட்ட காயத்தால் இறந்தான். இளைய மகன் 1943-ல் விமானப்படையில் மாண்டான். 1952-ல் அந்தப் பிரபு கண்மூடியபோது கோட்டையைத் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார். வாங்கிய 1587-லிருந்து கணக்குப் பார்த்தால் 365 ஆண்டுகள். பட்டம் பங்காளி வழியில் போயிற்று.

இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். 1987-ல் அங்கே கிளைவ் மியூசியம் என்று தனியாக ஒரு பகுதி திறந்தார்கள். நம் நாட்டுப் பொருள்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. தங்கப் புலித்தலை இருக்கிறது. சிராஜ் உத் தௌலா போர்க்களத்தில் விட்டு ஓடியதாகச் சொல்லப்படும் பல்லக்கு இருக்கிறது. திப்புவின் பீரங்கிகள் இருக்கின்றன. கூடாரத்தைக் குடும்பத்தார் பல காலம் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் கல்யாணத்துக்குச் சாமியானா போடுவதுபோல! தங்கள் பொறுப்பில் உள்ள மாளிகைகளுக்கும் காலனி ஆதிக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அந்த அறக்கட்டளையே 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் போவிஸ் கோட்டையும் உண்டு.

இவ்வளவும் எப்படித் தெரிகிறது? காகிதம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1538-லிருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் சர்ச்சுகளில் பதிய வேண்டும் என்று உத்தரவு. உயில் இருக்கிறது, கிரயப் பத்திரம் இருக்கிறது, குத்தகைக் கணக்கு இருக்கிறது. போவிஸ் எஸ்டேட்டின் ஆவணங்கள் அபெரிஸ்ட்வித் என்ற ஊரில் வேல்ஸ் தேசிய நூலகத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ஹெர்பர்ட்டின் பாட்டி யார் என்று கேட்டால் கட்டு எண்ணைச் சொல்லி எடுத்துத் தருவார்கள்.

மரைன் ஹில்லிலோ, ஹட்டோவிலோ உள்ள ஒரு தமிழ்த் தொழிலாளியிடம் பாட்டி பெயர் கேட்டால் சொல்லுவார். பாட்டியின் தாய் பெயர் கேட்டால் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லுவார். காகிதம் என்று கேட்டால் ரேஷன் கார்டும் பள்ளிக்கூட சர்டிபிகேட்டும்தான். ஐலண்டர் கார்டுக்கு நடக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் கண்டிச் சீமைக் காகிதங்களைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தன. 2004 சுனாமி கச்சாலில் ஆளையும் வீட்டையும் அடித்துக்கொண்டு போனபோது பெட்டிகளும் போயின.

எழுத்து முழுக்க ஒரு பக்கத்துக்கே சொந்தம் என்றும் சொல்லிவிட முடியாது. எழும்பூரில் 1909-லிருந்து இருக்கும் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலத்து நடவடிக்கைப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கட்டபொம்மனும் மருதுவும் அவற்றில் "கலகக்காரர்கள்" என்று வருகிறார்கள். பேராசிரியர் கே.ராஜய்யன் அந்தக் கட்டுகளைப் பிரித்துப் படித்துத்தான் 1971-ல் 1800-1801 புரட்சியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். எதிராளி எழுதியதில் நம்மவர்களின் பெயர் இருக்கிறது. படிக்கத் தெரிந்து படித்தால் கிடைக்கும்.

துரைச்சாமியைப் பற்றித் தெரிவதும் அப்படி ஒரு எதிராளி எழுதியதால்தான். ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர் கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி. சண்டைக்கு முந்திய நல்ல காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பிறகு அதே மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். தூத்துக்குடியில் கைதிகளுக்குக் காவலாக நின்றவரும் அவரே. 1818-ல் அவர் பினாங்குக்குப் போனார். கிழவனைப்போல் தளர்ந்துபோன ஓர் ஆள் அவரைப் பார்க்க வந்து நின்றான். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. துரைச்சாமி என்று அவனே சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்போது அவனுக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும்.

வெல்ஷ் இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி 1830-ல் அச்சிட்டார். சென்னையில் கல்லும் கிளிஞ்சலும் பொறுக்கிய ஹென்ரியட்டா சீமாட்டி இறந்ததும் அதே ஆண்டில்தான். எட்வர்டு கிளைவ் இன்னும் ஒன்பது ஆண்டுகள், 1839 வரை இருந்தார்.